பன்னீர் பட்ட கிராமபோன் தட்டு

நேற்று காட்டூரில் ஒரு கல்யாணம். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் தமிழ் டீச்சரின் தங்கைக்கு. பந்தல் வாசலில் ஒரு சின்னப் பெண் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, வருகிறவர்கள் மேலெல்லாம் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என் மேலும் நாலு துளி விழுந்தது. அவ்வளவுதான். "என்னங்க டீச்சர், உள்ள வாங்க" என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்க, நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சாப்பிடவில்லை. பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டில் வந்த முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், இது எங்கே போகிறது என்று கண்டக்டரைக் கேட்டேன்.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "கால்ல சக்கரத்தைக் கட்டிண்டே பொறந்தியாடீ நீ?" என்று கேட்டிருப்பாய். இந்தத் தை மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, என்னை அப்படிக் கேட்க ஆள் இல்லை. விழுப்புரத்திலிருந்து உன் வீட்டுக்காரர் கொடுத்த தந்தி வந்த அன்றைக்கு நான் அழவில்லை. வீட்டைப் பெருக்கினேன். பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினேன். "பைத்தியமா உனக்கு?" என்று அம்மா துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். முப்பது வயதுகூட ஆகவில்லையே உனக்கு. இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற வயதா அது? எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. அந்தப் பன்னீர் விஷயத்தில் உன்னோடு போட்ட சண்டையே எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

நாம் சேர்ந்ததே பொருத்தமில்லாத சேர்க்கை என்று கிளாஸில் எல்லாரும் சொல்வார்கள். நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. வீட்டில் எந்நேரமும் சத்தம், சிகரெட் புகை, போகிற வருகிற ரயில்காரர்கள். நீ ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. உன் அப்பா பெருமாள் சன்னதி கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். உன் அம்மாவுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும், நான் குடித்த டம்ளரைத்தான் பிடிக்காது. அதை நான் உன்னிடமே சொல்லிக் காட்டியபோது நீ முகம் சிவந்து போய், மறுநாள் என் டிபன் டப்பாவிலிருந்து நான் எச்சில் பண்ணிய முறுக்கைப் பிடுங்கித் தின்றாய். தின்றுவிட்டு "ஆத்துல சொல்லிடாதே" என்றாய். அன்றைக்குத்தான் நாம் சிநேகிதிகள் ஆனோம் என்று நினைக்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. வருஷம் அது. ஜில்லாப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து விஞ்ஞானப் பொருட்காட்சி நடத்தப் போவதாக சயன்ஸ் டீச்சர் வந்து சொன்னார்கள். மாணவர்களே செய்த கருவிகள் வைக்க வேண்டும், ஜெயிக்கிறவர்கள் தங்கள் கருவியோடு மெட்ராஸுக்குப் போய், மியூசியத்தில் ஒரு வாரம் நின்று வருகிற ஜனங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். கிளாஸே ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தது. நீ மட்டும் என் காதில் கேட்டாய்: "மியூசியம்னா எல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்குமோன்னோ? தொட விடுவாளோ?"

"தொட விடமாட்டாங்க."

"அப்போ அங்கே போய் என்ன பிரயோஜனம்? நாம பண்றதை எல்லாரும் தொடணும்டீ. தொட்டா ஏதாவது ஆகணும்."

உனக்கு மெட்ராஸ் வேண்டியிருக்கவில்லை. காலேஜ் வேண்டியிருந்தது. பி.யூ.சி. சேர்ந்து பிசிக்ஸ் படிக்க வேண்டும், அதுவும் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து. உன் அக்காக்கள் எல்லாரும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள். உன் ஜாதகம் ஏற்கெனவே ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. நீ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டபோது அவர் சொன்னாராம்: "பொருட்காட்சில நீ பண்றதை வந்து சேவிச்சுட்டு, அப்பறம் பாப்போம்." அந்தப் 'பாப்போம்' போதாதா எனக்கு? அவர் வந்து பார்த்தால் போதும், பெண்ணின் மூளையைப் பார்த்து அசந்துபோய் காலேஜில் சேர்த்துவிடுவார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பஸ்ஸில், பிரேயரில், சாப்பாட்டு மணிக்கு எல்லாம் உன்னைப் பிடுங்கி எடுத்தேன். என்ன செய்யலாம், என்ன செய்யலாம்?

கருவி உன் யோசனை. உன் அப்பாவின் கிராமபோன் தட்டுகளில் ஒன்று ஓரத்தில் விண்டு போய்க் கிடந்தது. அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. அதைக் கம்பளியால் பரபரவென்று தேய்த்து, மேலே ஒரு தகர மூடியை வைத்து, மூடியை விரலால் ஒரு தரம் தொட்டுவிட்டுத் தூக்கினால், மூடியில் மின்சாரம் ஏறியிருக்கும். அருகில் விரலைக் கொண்டுபோனால் சடக்கென்று ஒரு நீலப் பொறி. பாட்டரி இல்லை, கம்பி இல்லை. வெறும் தட்டும் தகரமும்.

தட்டு ஸ்ரீரங்கத்துச் சீர், மீதியெல்லாம் பொன்மலைச் சீர். கம்பளி என் அப்பாவின் கிழிந்த ரயில்வே கோட்டிலிருந்து வெட்டியது. மூடி பிஸ்கட் டின்னுடையது. அதற்குக் கைப்பிடியாக ஒரு மைப் புட்டியைத் தலைகீழாக வைத்து, பார்சல் ஆபீஸிலிருந்து அப்பா கொண்டுவந்த முத்திரை அரக்கை உருக்கி ஒட்டினோம். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று காட்ட ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் கம்பியில் தொங்கும் இரண்டு வெள்ளித்தாள் கீற்று. மின்சாரம் பட்டால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும். அந்த வெள்ளித்தாள் அப்பாவின் சிகரெட் பெட்டியிலிருந்து வந்தது. நீ அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "என்னடீ இது, நாத்தம் குடலைப் பிடுங்கறது" என்றாய். பிறகு நீயேதான் அதை மூச்சுக்கூட விடாமல் கத்தரித்தாய். நான் கத்தரித்தது எல்லாம் கோணல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டு மொட்டை மாடியில் அதைப் பரீட்சை செய்தோம். காலையில் பொறி வராது. மத்தியானம் வரும். நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் பிஸ்கட் மூடியைக் காலால் உதைத்தேன். நீ அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "ரெண்டு பக்கமும் ஆறு ஓடறது. காலம்பறக் காத்துல ஈரம் இருக்காதா? ஈரம் இருந்தா மின்சாரம் தங்காதுடீ, ஓடிப் போயிடும்." உடனே நான் தட்டை நல்ல வெயிலில் காய வைத்தேன். அது அப்பளம் மாதிரி நெளிந்து போயிற்று. உன் அப்பாவிடம் இன்னொரு விண்டுபோன தட்டு இருந்ததோ, பிழைத்தோமோ. அதற்கப்புறம் நீ தட்டை என் கையில் கொடுக்கவே இல்லை. நிழலில் வைத்து, வெயில் பட்ட துணியால் ஒற்றி எடுப்பாய். ஈரம்தான் எதிரி என்று கண்டுபிடித்தவளே நீ. எனக்கு அதுதான் ஆறவில்லை.

பொருட்காட்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன்கள் பள்ளி ஹாலில் நடந்தது. நமக்குக் கொடுத்த மேஜை மேட்டூர் அணைக்குப் பக்கத்தில். நிஜத் தண்ணீர் விட்டு அணை கட்டியிருந்த பையன்கள், கதவைத் திறந்து திறந்து தரையெல்லாம் நனைத்துக்கொண்டிருந்தார்கள். நீ டீச்சரிடம் போய், "தண்ணி பக்கத்துல வேண்டாம் டீச்சர், எங்களது கெட்டுப்போயிடும்" என்று மன்றாடி, ஜன்னலோரம் வெயில் விழுகிற இடத்துக்கு மேஜையை இழுத்துப் போட வைத்தாய். பதினோரு மணிக்குத் தொட்டுப் பார்த்தோம். பொறி பளிச்சென்று வந்தது. ஜாடிக்குள் வெள்ளித்தாள் இரண்டும் கால் அகட்டி நின்றன. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது, குதித்தேன்.

உன் வீட்டு வெள்ளிப் பன்னீர்ச் சொம்பு நன்றாக இருக்கும் என்று நம் ஹெட்மிஸ்ட்ரஸ் அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஹால் வாசலில் நின்று வரவேற்கிற வேலையும் உனக்கே. நடுவராக வந்தவர் ஒரு காலேஜ் பிசிக்ஸ் மேடம். தங்க பிரேம் கண்ணாடி, கையில் கடிகாரம். அவர்களுக்கு வாசலில் பன்னீர் தெளித்துவிட்டு, நீ சொம்பும் கையுமாக ஓட்டமாக நம் மேஜைக்கு வந்தாய். மேடம் அணையைப் பார்த்து முடித்து நம் பக்கம் திரும்பினார்கள். அதே நேரத்தில் பக்கவாட்டுக் கதவு வழியாக உன் அப்பா உள்ளே நுழைந்தார். பன்னிரண்டு திருமண் இட்டுக்கொண்டு, பஞ்சகச்சம் கட்டி, அந்த ஹாலில் எங்கே நிற்பது என்று தெரியாமல். பெண்ணின் பள்ளிக்கூட விஷயம் ஒன்றுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

நீ அவரைப் பார்த்தாய். முகம் அப்படியே மலர்ந்து போயிற்று. "வாங்கோப்பா!" என்றாய். மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கையை நீட்டி, அவர் மேல் பன்னீரைத் தெளித்தாய். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, தாராளமாக. பாதி அவர் மேல் விழுந்தது. பாதி தட்டின் மேல், மூடியின் மேல், ஜாடியின் கம்பி மேல்.

"ஏண்டி!" என்று நான் போட்ட கூச்சலில் அணைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ துடைத்தாய். நான் தேய்த்தேன், கை எரியத் தேய்த்தேன். மூடியை வைத்து, தொட்டு, தூக்கினோம். ஒன்றும் இல்லை. வெள்ளித்தாள் இரண்டும் அசையாமல் தொங்கின. மறுபடியும் தேய்த்தோம். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நீ சொன்னாய்: "மேடம், இது வரும் மேடம். இப்போ வராததுக்கு..."

"பரவாயில்லைம்மா. நல்ல முயற்சி," என்று உன் தோளில் தட்டிவிட்டு மேடம் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள். உன் வாக்கியம் பாதியில் நின்றது. உன் அப்பா தலையில் பன்னீரோடு கொஞ்ச நேரம் நின்றார். "சரி, ஜாக்கிரதையா ஆத்துக்கு வந்து சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெட்ராஸுக்கு மேட்டூர் அணை போயிற்று.

நான் விடுவேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்து உன் வீட்டுக்கு வந்து நின்றேன். "மாமா, ஒரே ஒரு தடவை மாடிக்கு வாங்க. அன்னிக்குப் பன்னீராலதான் வரலை. இப்ப பாருங்க" என்று உன் அப்பாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றினேன். நீ தட்டைத் தேய்த்தாய். "விரலை நீட்டுங்கோப்பா" என்றாய். அவர் நீட்டினார். சடக்!

"அடேடே!" என்று துள்ளினார் மனுஷர். "அடியேன் கைக்குள்ளேயே மின்னலா!" அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. மறுபடி, மறுபடி என்று விரலை நீட்டினார். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தெருவைப் பார்த்து, "எல்லாரும் வாங்கோ, என் பொண்ணு பண்ணியிருக்கறதை வந்து பாருங்கோ!" என்று கூப்பிட்டார். அக்கம்பக்கத்து மாமிகள், மாமாக்கள், எதிர்வீட்டு வாத்தியார் எல்லாரும் வந்து பொறி வாங்கிக்கொண்டு சிரித்தார்கள். அவரே எல்லாருக்கும் விளக்கம் சொன்னார், தப்புத் தப்பாக. எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். காலேஜ், பிசிக்ஸ், ஒரே பெஞ்சு. எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கீழே இறங்கி வந்து, உன் அம்மா கொடுத்த நீர்மோரைக் குடித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா என்னைப் பார்த்து அவ்வளவு வாஞ்சையோடு சொன்னார்: "ரொம்ப நன்னா இருந்தது கொழந்தே. வைகாசில இவளுக்குக் கல்யாணம். பெருமாள் க்ருபையில நல்ல இடம் அமைஞ்சிருக்கு. நீ அவசியம் வரணும்."

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். உன்னைப் பார்த்தேன். நீ மாடிப்படியின் கடைசிப் படியில், கம்பளித் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

கல்யாணத்துக்கு வந்தேன். சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவில், பழைய புடவையில் சுற்றி அந்தத் தட்டும் மூடியும் விழுப்புரம் போனதைப் பார்த்தேன். நான் பி.யூ.சி. சேர்ந்தேன், பி.எஸ்ஸி. முடித்தேன், பி.டி. முடித்தேன். பெஞ்சில் பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், உன்னை நன்றாக வைத்துக்கொண்டார், அது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் எனக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு. அந்தப் பன்னீர் மட்டும் தெளிக்காமல் இருந்திருந்தால்? ஒவ்வொரு மார்கழியும் நீ வைகுண்ட ஏகாதசிக்குப் பிறந்தகம் வரும்போது, கேட்டுவிடலாம் கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்து, உன் குழந்தைகள் நடுவில் ஓடிவர, அப்படியே போய்விடும்.

போன மார்கழியில்தான் கேட்டேன். அம்மா மண்டபத்துப் படியில் நீ தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாய். நான் வழக்கம்போல மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தேன்.

"கல்யாணம் நிச்சயமானது உனக்கு எப்பத் தெரியும்?"

"பொருட்காட்சிக்கு முன்னாடியே தெரியும்."

"முன்னாடியேவா? என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ தட்டைத் தூக்கிப் போட்டுட்டு, எங்கப்பாவோட சண்டைக்குப் போயிருப்பே. எனக்கு அந்தப் பொறி வேண்டியிருந்ததுடீ. காலேஜுக்காக இல்லை. அது வரதான்னு பாக்கணும், அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் பன்னீரைத் தெளிச்சே? ஈரம் ஆகாதுன்னு எனக்குச் சொன்னவளே நீ!"

நீ சிரித்தாய். "அப்பா வந்தாரே. என் மேஜைக்கு வந்தாரே. வாசல் பக்கம் வராததுனால அவருக்கு யாரும் பன்னீர் தெளிக்கலை. எல்லாருக்கும் தெளிச்சுட்டு எங்கப்பாவை அப்படியே நிக்க வெப்பேனா? கை தானா போயிடுத்து. நீதான் இத்தனை வருஷமா அதையே நோண்டிண்டு இருக்கே." "எனக்கு வேற ஒரு வருத்தம் உண்டு. அந்த மேடம் ஏன் வரலைன்னு கேக்கவே இல்லை பாரு. எனக்குப் பதில் தெரியும்டீ. அந்த ஹால்ல வேற யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஒருத்தர் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நான் நடப்பதை நிறுத்தினேன். நீ எழுந்து புடவையைப் பிழிந்துகொண்டு, "தட்டைக் கொண்டு வந்திருக்கேன். நீயே வெச்சுக்கோ. என் பசங்க கையில இருந்தா உடைச்சுடும்" என்றாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

தட்டு பத்திரமாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் காலியாகக் கிடந்த இரண்டு அறைகளைக் கேட்டு வாங்கி, மியூசியம் என்று பெயர் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். பொன்மலைப் பிள்ளைகள், புதுத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், லால்குடிப் பக்கத்து வயல்காட்டுப் பிள்ளைகள். கண்ணாடிப் பெட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் தொடலாம். உன் தட்டை எத்தனை விரல்கள் தொடுகின்றன என்று நீ பார்க்க வேண்டும். காலையில் வந்தால் பொறி வராது. வராவிட்டால் நான் காரணம் சொல்வதில்லை, அவர்களைக் கேட்கிறேன்.

போன மாதம் அரியமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் பொருட்காட்சி. என்னையும் நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் ராக்கெட்தான். ஒரு மேஜையில் மட்டும் ஒரு பெண், தானே சுற்றிய மோட்டார் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றாள். அது சுற்றவில்லை. விரலால் தள்ளிப் பார்த்தாள். அப்போதும் சுற்றவில்லை. என்னோடு வந்த இன்னொரு நடுவர் "பரவாயில்லைம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பெண்ணின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏம்மா ஓடலை?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் திட்டுகிறேனா என்று ஒரு சந்தேகம். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள். கம்பியில் எனாமலைச் சரியாகச் சுரண்டவில்லையாம், ஒரு பக்கம் தொடுகிறது, ஒரு பக்கம் தொடவில்லையாம், நேற்று வீட்டில் ஓடியதாம், பஸ்ஸில் வரும்போது ஆட்டம் கொடுத்துவிட்டதாம். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது, கை இரண்டும் பேச ஆரம்பித்தன. அடுத்த மேஜையிலிருந்து அந்த நடுவர், "டீச்சர், நேரமாச்சு, வாங்க" என்று கூப்பிட்டார்.

"நீங்க போங்க சார்," என்றேன்.

காலில் சக்கரம் என்பாயே, எந்த இடத்திலும் எனக்கு நிலைகொள்ளாது என்பாயே. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேனடி.